எடைமேடையில் யார் கை?

நேற்றிலிருந்து எல்லாரும் பகிரும் அந்தக் கருத்தரங்குக் காணொலியை நானும் பார்த்தேன். விளைபொருள் விற்பனையை பிளாக்செயினில் பதிவது பற்றிய கருத்தரங்கு அது. ஒரே பதிவேட்டின் நகலைப் பல கணினிகளில் வைத்து, பதிந்ததை யாரும் ரகசியமாக மாற்றாமல் காக்கும் முறைதான் பிளாக்செயின். "பிளாக்செயின்ல ஏறப்போற எடையை யாருங்க போடுவாங்க?" என்று ஒரு விவசாயி கேட்டார். அரங்கம் சிரித்தது. மேடையில் இருந்தவர், "ஐயா, பதிஞ்சதை யாராலும் மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். மாற்ற முடியுமா என்று அவர் கேட்கவே இல்லையே! எழுதுவது யார் என்றுதான் கேட்டார்.

பிளாக்செயின் பதிந்ததைக் காக்கும். பதிவது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

ஒரு அறுவடையின்போது அப்பாவோடு நானும் எடைமேடைக்குப் போனேன். மூட்டைகளை வீட்டிலேயே நிறுத்து எழுதி வைத்திருந்தார். அங்கே எடை குறைந்தது. பிறகு ஈரப்பதம் என்று ஒரு கழிவு, தூசி என்று இன்னொன்று. ஈரமானியை அப்பா பக்கம் திருப்பிக்கூடக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்ட சீட்டு கொடுத்தார்கள். அதைப் பிறகு யாரும் திருத்தவில்லை. அநியாயம் சீட்டு எழுதும் முன்பே நடந்துவிட்டது. அந்தச் சீட்டை ஆயிரம் கணினிகளில் ஏற்றியிருந்தால், பொய் ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருந்திருக்கும்.

உடனே "தொழில்நுட்பத்துக்கு எதிரி" என்று வருவீர்கள். இல்லை. 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் அக்ரிடிஜிட்டல் நிறுவனம் 23.46 டன் கோதுமை விற்பனையை பிளாக்செயினில் முடித்தது. வாங்குபவரின் பணம் முன்பே ஒதுக்கப்பட்டு, சரக்கு ஒப்படைத்ததும் பணமும் உரிமையும் சேர்ந்தே கைமாறின. சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இது வேண்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அங்கேயும் எத்தனை டன் என்று முதலில் ஒரு எடைமேடைதான் சொல்ல வேண்டும்.

"சென்சார் வைத்தால் போச்சு" என்கிறார் ஒரு நண்பர். சென்சார் யாருடையது? அளவு சரியா என்று சோதிப்பது யார்? வாங்குபவரே இரண்டையும் செய்தால் பழைய கதைதான்.

அடுத்து, அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட்டும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் பிளாக்செயினை வைத்துச் செய்த மாம்பழச் சோதனையைக் காட்டுவீர்கள். எந்தத் தோட்டத்துப் பழம் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய 7 நாள் ஆனது 2.2 நொடியாகக் குறைந்தது. கெட்ட உணவைத் திரும்பப் பெற நல்லதுதான். அந்த வேகத்தால் விவசாயிக்கு விலை கூடியதா? அதைச் சொல்லுங்கள். அவருக்குக் கூடியது பதிவேற்றும் வேலை. அவருடைய விளைச்சல் விவரம் எல்லாம் வாங்குபவர் கண்ணில் படும்; வாங்குபவர் அதை என்ன விலைக்கு விற்றார் என்பது மட்டும் இவருக்குத் தெரியாது. இதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மையா?

எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்பு. வாழ்நாள் முழுக்க எடையில் ஏமாந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும். அரங்கத்தில் விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். எடையும் ஈரப்பதமும் விவசாயி கண் முன்னே அளக்கப்படட்டும். அவரும் ஒப்புதல் கொடுத்தால்தான் பதிவு ஏறட்டும். மாதிரியில் ஒரு பங்கு முத்திரையிட்டு அவர் கையில் இருக்கட்டும். தகராறு வந்தால் வாங்குபவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அதை மறுபடி சோதிக்கட்டும். அதுவரை வாங்குபவர் ஒதுக்கிய பணம் யார் கைக்கும் போகாமல் ஒப்பந்தத்திலேயே நிற்கட்டும். இதை எழுதித் தரத் தயாரா, மேடையில் இருந்தவர்களே?