மான்ஸாவில் முந்தாமல் விட்டவர்

மே 8 வந்துவிட்டால் போதும், பழைய ஃபார்முலா ஒன் ரசிகர்கள் எல்லாரும் ஒரே வீடியோவைத்தான் பகிர்வார்கள். 1979, நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட். இடது பின் டயர் வெடித்துப்போன சிவப்பு ஃபெராரி மூன்று சக்கரத்தில், தரையில் தீப்பொறி பறக்க, ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று ஓடி பிட்டுக்கு, அதாவது கார்களைச் சரிசெய்யும் இடத்துக்கு, வந்து சேரும். உள்ளே ஜில் வில்னவ், மே 8 அவர் இறந்த நாள். கீழே "இவர்தான்யா ஓட்டுநர்", "பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்" என்று கருத்துகள் குவியும்.

எனக்கும் ஜில் என்றால் உயிர். ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்ன எரிச்சல் வரும். நாம் நேசிக்கிற ஆளை நாமே ஒரு சர்க்கஸ்காரராகச் சுருக்கி வைத்திருக்கிறோமோ என்று தோன்றும். அன்று ஸாண்ட்வோர்ட்டில் அவர் செய்தது வீரம் இல்லை, பிடிவாதம். பின்னால் வருகிற கார்களுக்கும் அது ஆபத்து. அதை அன்றைக்கே பலர் கண்டித்தார்கள், கண்டித்தது சரிதான். இத்தனைக்கும் டயர் போவதற்கு முன்னால், அதே பந்தயத்தில், ஆலன் ஜோன்ஸை டார்ஸன் வளைவில் வெளிப்பக்கமாகவே சுற்றிப் போய் முந்தியிருந்தார். அதை யாரும் பகிர்வதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர், 1950இல் பிறந்தவர். ஃபார்முலா ஒன்னுக்கு வரும்போது வயது அதிகமாகத் தெரியக்கூடாது என்று இரண்டு வயதைக் குறைத்து 1952 என்று சொல்லிக்கொண்டார். முதலில் ஓட்டியது பனிச்சறுக்கு வண்டி, அதாவது ஸ்னோமொபைல். அதில் 1974இல் உலகப் பட்டம் வென்றார். அப்புறம் கார் பந்தயத்துக்குப் பணம் வேண்டுமென்று குடியிருந்த வீட்டையே விற்றார். மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு கேரவனில் பந்தயம் பந்தயமாகச் சுற்றினார். 1976இல் ட்ருவா ரிவியே ஊரில் நடந்த ஃபார்முலா அட்லாண்டிக் பந்தயத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஜேம்ஸ் ஹன்ட், ஆலன் ஜோன்ஸ் போன்ற பெரிய தலைகளையெல்லாம் தோற்கடித்தார். ஹன்ட் திரும்பிப் போய்த் தன் மெக்லாரன் அணியிடம் இந்தப் பையனைப் பிடித்துப் போடுங்கள் என்றார். 1977 சில்வர்ஸ்டோனில் மெக்லாரன் ஒரு பழைய காரைக் கொடுத்தது. தகுதிச் சுற்றில் 9ஆவது இடம். பந்தயத்தில் வெப்பமானி தப்பாகக் காட்டியதால் பிட்டுக்கு வர வேண்டியதாகி 11ஆவதாக முடித்தார். அடுத்த ஆண்டுக்கு மெக்லாரன் இவரை விட்டுவிட்டு பாட்ரிக் தாம்பேவை எடுத்துக்கொண்டது. இந்தத் தாம்பே பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

ஃபெராரி அணியிலிருந்து நிக்கி லௌடா கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன இடத்துக்குத்தான் அதன் நிறுவனர் என்ஸோ ஃபெராரி இவரைக் கூப்பிட்டார். பார்த்ததும் தாஸியோ நுவோலாரி நினைவுக்கு வந்தார் என்று காரணமும் சொன்னார். நுவோலாரி போருக்கு முந்தைய காலத்து இத்தாலிய சாகச ஓட்டுநர். கிழவர் என்ஸோவின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

ஆரம்பம் ஒன்றும் இனிக்கவில்லை. 1977 ஃபூஜியில் ரோனி பீட்டர்சனின் காரில் மோதி இவர் கார் பறந்து, போகக்கூடாத இடத்தில் நின்றிருந்த கூட்டத்தில் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நம் நினைவஞ்சலிப் பதிவுகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காலத்துப் பந்தயத்தை நாம் எவ்வளவுதான் ஆசையாகப் பேசினாலும், அது ஆள் தின்ற காலம்.

அடுத்த ஆண்டும் லாங் பீச்சில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தவர், சுற்றில் பின்தங்கியிருந்த ரெகஸோனியின் மேல் ஏறி விழுந்தார். இத்தாலியப் பத்திரிகைகள் விமானி என்று கேலி செய்தன, மாற்றுங்கள் என்று எழுதின. கிழவர் அசையவில்லை. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் மான்ட்ரியாலில், குளிரில் விறைத்த அக்டோபரில், புதிதாகப் போட்ட தடத்தில். லோட்டஸில் ஜாரியே வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்து கார் பழுதாகி நின்றுவிட, சொந்த மாகாணத்து மக்கள் முன்னால் ஜில்லுக்கு முதல் வெற்றி. அந்தத் தடத்துக்கு இன்றைக்கு அவர் பெயர்தான். தொடக்கக் கோட்டில் 'சலூ ஜில்', அதாவது 'வணக்கம் ஜில்', என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, மான்ஸாவுக்கு வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவும்.

1979 செப்டம்பர், இத்தாலியன் கிராண்ட் பிரி. ஃபெராரியின் இரண்டு கார்களும் முன்னால், ஜோடி ஷெக்டர் முதலாவது, ஜில் இரண்டாவது. ஷெக்டர் வென்றால் பட்டம் அவருக்கு. ஜில் முந்தி வென்றால் பட்டப் போட்டி இன்னும் திறந்திருக்கும். ஜில்லுக்கு முந்தும் வேகம் இருந்தது என்பது அந்தப் பந்தயத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். கடைசி வரை ஷெக்டரின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக முடித்தார். முந்த முயலவே இல்லை. அணியில் மூத்தவர் ஷெக்டர் என்று பேசி வைத்திருந்தார்கள், அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஷெக்டர் கார் வழியில் பழுதாகி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டியதாகப் பிற்பாடு மறைக்காமல் சொன்னார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இதைப் படித்த பிறகுதான். பெருந்தன்மை வேஷம் கிடையாது. உள்ளே முழுப் பேராசை, வெளியே கொடுத்த வாக்கு.

அந்த ஆண்டு 51க்கு 47 என்ற புள்ளிக் கணக்கில் ஷெக்டர் சாம்பியன். அடுத்த ஃபெராரி சாம்பியனுக்கு 2000இல் ஷூமாக்கர் வர வேண்டியிருந்தது. ஜில் தன் முறை வரும் என்று நம்பினார். வரவில்லை. 67 பந்தயம், 6 வெற்றி, பட்டம் பூஜ்யம். எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் 'ஆறு வெற்றிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஏனென்றால் அந்த எண்களுக்குள் 1980 இருக்கிறது. ஃபெராரி அந்த ஆண்டு கொடுத்தது காரே இல்லை. நடப்பு சாம்பியன் ஷெக்டருக்கு மொத்தமே 2 புள்ளி. மான்ட்ரியாலில் அவரால் தகுதி பெறக்கூட முடியவில்லை, பந்தயத்தையே பார்வையாளராகத்தான் கழித்தார். அதே காரில், அதே ஊரில், 22ஆவது இடத்திலிருந்து கிளம்பிய ஜில் 5ஆவதாக முடித்தார். ஆண்டு முடிவில் ஷெக்டர் ஓய்வு பெற்றுக்கொண்டார். ஐந்தாவது இடத்துக்கு யாரும் வீடியோ வெட்டிப் போடுவதில்லை, என்ன செய்ய.

இன்னொன்று, 1979 வாட்கின்ஸ் க்ளென், வெள்ளிக்கிழமைப் பயிற்சி, கொட்டும் மழை. பல ஓட்டுநர்கள் வெளியே போகவே மறுத்துவிட்டார்கள். ஜில் போனார். அவருக்கு அடுத்த வேகமானவர் ஷெக்டர், அதே ஃபெராரியில். வித்தியாசம் 9 நொடிக்கும் மேல். ஃபார்முலா ஒன்னில் ஒரே அணிக்குள் அரை நொடி வித்தியாசம் வந்தாலே மெதுவானவரின் வேலை ஆட்டம் காணும். இதை மாயம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்னோமொபைல் பந்தயத்தில் முன்னால் போகிற வண்டி வாரி இறைக்கிற பனித்தூளில் கண் தெரியாது, தரையில் பிடிப்பே இருக்காது, வண்டி எப்போதும் பக்கவாட்டில்தான் போகும். அந்தப் பள்ளியில் பல குளிர்காலம் படித்தவருக்கு மழை என்ன செய்யும்? எந்த அளவுக்குச் சறுக்கினால் திரும்பப் பிடிக்கலாம் என்பது அவர் உடம்புக்குத் தெரியும்.

தீஜோனையும் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். 1979 பிரெஞ்சு கிராண்ட் பிரி. கடைசிச் சுற்றுகளில் ரெனே ஆர்னூவும் ஜில்லும் சக்கரத்தோடு சக்கரம் உரசி, புல்லில் இறங்கி, ஏறி, மறுபடி உரசி, கடைசியில் ஜில் கால் நொடியில் இரண்டாவது. பாவம் ஜாபூய், அன்றைக்குப் பந்தயத்தை வென்றவர் அவர். காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் பலம் எடுக்கிற டர்போ இன்ஜினுக்கே அதுதான் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. அவரை யாருக்கு நினைவிருக்கிறது? மூத்த ஓட்டுநர்கள் சிலர் இந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இருவரும் இறங்கியதும் சிரித்துக்கொண்டார்கள். ஸாண்ட்வோர்ட்டையும் தீஜோனையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பேன். தீஜோனில் இருவருமே மற்றவருக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டார்கள். எதிராளி தன்னைச் சுவரில் தள்ள மாட்டான் என்று இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்ததால் மட்டுமே அது நடந்தது. முழுக்க நம்பிக்கையின் மேல் ஓடிய சண்டை.

மான்ஸாவில் தான் காப்பாற்றிய வாக்கை அடுத்தவரும் காப்பாற்றுவார் என்று நினைத்தவருக்குத்தான் 1982 ஏப்ரல் 25, இமோலா நடந்தது. அணிகளுக்குள் நடந்த அரசியலில் பாதி பேர் வரவில்லை, மொத்தம் 14 கார். ரெனோ அணியின் கார்கள் நின்றுபோன பிறகு இரண்டு ஃபெராரி மட்டும் முன்னால், ஜில் முதலில், டிடியே பிரோனி அடுத்து. பிட்டிலிருந்து மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை காட்டினார்கள். எரிபொருளை மிச்சப்படுத்து, இருக்கிற வரிசையில் வந்து சேர் என்று ஜில் புரிந்துகொண்டார். பிரோனி முந்தினார். கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று ஜில் நினைத்தார். திரும்ப முந்தி வேகத்தைக் குறைத்தார். கடைசிச் சுற்றில் டோஸா வளைவுக்கு முன்னால் பிரோனி மறுபடி முந்தினார், வென்றார். மேடையில் ஜில்லின் முகத்தைப் பாருங்கள். இனி இவனோடு பேச மாட்டேன் என்றார், பேசவும் இல்லை.

13 நாள் கழித்து, மே 8, பெல்ஜியத்தின் ஸோல்டர். தகுதிச் சுற்றில் பிரோனி பத்தில் ஒரு நொடி முன்னால் இருந்தார். ஜில் வேகமாக வந்துகொண்டிருந்தபோது, மெதுவாகப் போய்க்கொண்டிருந்த யோகன் மாஸ் வழிவிட வலப்பக்கம் ஒதுங்கினார். ஜில்லும் அதே பக்கம் திரும்பியிருந்தார், மோதிவிட்டார். அன்றிரவு மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 32. அவரை நான் நேசித்தேன் என்று என்ஸோ ஃபெராரி பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். ஓட்டுநர்கள் சாவதைப் பல முறை பார்த்துவிட்ட மனிதர் அவர்.

பிரோனியை வில்லனாக்கி எழுதுகிறவர்களோடு நான் சேரவில்லை. செய்தது துரோகம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஸோல்டருக்கு அவர் காரணமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹோக்கன்ஹைம் மழையில் ப்ரோஸ்ட்டின் காரில் மோதி இரண்டு காலும் நொறுங்கின. அப்போது புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம். மீதிப் பந்தயங்களை ஓட்டாமலேயே 5 புள்ளியில்தான் பட்டத்தை இழந்தார். 1987இல் படகுப் பந்தயத்தில் இறந்தார். அவர் இறந்த பிறகு பிறந்த இரட்டைப் பையன்களுக்கு அம்மா வைத்த பெயர்கள் டிடியே, ஜில். அந்த ஜில் பிரோனி பெரியவனாகி மெர்சிடிஸ் அணியில் பொறியாளரானார். 2020 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன் வென்றபோது அணிக்கான கோப்பையை வாங்க மேடை ஏறியவர் அவர்தான். கதை எழுதுகிறவர்கள் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

தாம்பேவுக்கு வருகிறேன். ஜில்லின் 27ஆம் எண் காரை ஓட்ட ஃபெராரி கூப்பிட்டது அவரைத்தான், ஜில்லின் நண்பரும்கூட. 1983இல் அதே இமோலாவில் 27ஆம் எண்ணில் தாம்பே வென்றார். முன்னால் போய்க்கொண்டிருந்த பத்ரேசே மோதி வெளியேறியதும், சொந்த நாட்டுக்காரர் என்றுகூடப் பார்க்காமல் இத்தாலியக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஜில்லின் மகன் ஜாக் 1997இல் உலகப் பட்டம் வென்றது எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் ஜில் ரசிகனாகக் கேட்டால் பாக்கி தீர்ந்தது இமோலாவில்தான் என்பேன்.

சரி, வீடியோ பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் எதைப் பகிரலாம்? 1981 ஜூன், ஸ்பெயின், ஜராமா. அந்த ஆண்டு ஃபெராரியின் டர்போ இன்ஜினுக்கு நேர்ப்பாதையில் அசுர பலம். வளைவில் கார் தரையைப் பிடிக்கவே பிடிக்காது. வில்லியம்ஸ் கார்களின் டவுன்ஃபோர்ஸில், அதாவது காரைத் தரையோடு அழுத்துகிற காற்றின் விசையில், கால்வாசிதான் இதற்கு என்று ஃபெராரிக்கு வந்து சேர்ந்த வடிவமைப்பாளர் ஹார்வி போஸ்ல்த்வெய்ட்டே சொன்னார். ஜராமாவோ வளைவுக்கு மேல் வளைவாக வைத்த குறுகலான தடம். 7ஆவதாகக் கிளம்பி, இரண்டாவது சுற்றின் தொடக்கத்திலேயே 2ஆவது இடம். 14ஆவது சுற்றில் ஆலன் ஜோன்ஸ் தடம் புரண்டதும் முதலிடம். மிச்சம் 66 சுற்று. பின்னால் லஃபீட், வாட்சன், ராய்ட்டெமான், டி ஆஞ்சலிஸ், நாலு பேருமே இவரைவிட வேகமான காரில். ஒருவருக்கும் வழி கிடைக்கவில்லை. முதலாமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே 1.24 நொடிதான் முடிவில். ஒரு தடவைகூடக் குறுக்கே வெட்டவில்லை, யாரையும் தள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சரியான இடத்தில் பிரேக், வெளியேறும்போது டர்போ முழுசாக, அவ்வளவுதான். அதுதான் அவருடைய கடைசி வெற்றி.

முழுப் பந்தயமும் பார்க்க நேரமில்லை என்றால் கடைசிப் பத்து சுற்று போதும். ஃபெராரியைப் பார்க்காதீர்கள், பின்னால் வருகிற லஃபீட்டின் நீலக் காரைப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் வந்து மூக்கை நுழைப்பார், நேர்ப்பாதை வந்ததும் பின்னால் போவார். மறுபடி வருவார். பார்த்துவிட்டு, அவர் எந்த வளைவில் முந்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, கீழே எழுதுங்கள். எனக்கு ஒரு இடம்கூடத் தெரியவில்லை.