சாப்பாட்டு மேசையில் எழுதிய வரி

அண்ணன் மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் குடும்ப வசதியைப் பார்த்து உதவி தரும் பல்கலைக்கழகங்கள் அங்கே கொஞ்சம்தான். அதில் ஒன்று. கடிதத்தில் அவர்கள் தருவது இவ்வளவு, பெற்றோர் கட்டுவது இவ்வளவு என்று கணக்கு இருந்தது. அதற்குக் கீழே 'மாணவர் பங்கு' என்று இன்னொரு வரி. விடுமுறையிலும் வளாகத்திலும் வேலை பார்த்து அவளே கட்ட வேண்டியது. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் முடியாது.

"படிக்கப் போற பிள்ளைகிட்ட காசு கேக்கிறானுங்க பாரு!" அண்ணனுக்குக் கோபம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்கும் அந்த வரி இருந்தது. சிங்கப்பூரில், ஈசூனில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அப்பா வாயால் எழுதியது. "கடன் வாங்கிப் படிக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல." அன்றைக்கு அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

அப்பா தன் சிபிஎஃப்பிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, எடுத்தார். வீடு வாங்கப் போனது போக அதில் மிஞ்சியது பாதிக் கட்டணத்துக்குத்தான் வந்தது. மீதியும் கைச்செலவும் என் தலையில். வார நாள்களில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன், சனி ஞாயிறில் ஹோட்டல் கல்யாண விருந்துகளில் பரிமாறும் வேலை. நள்ளிரவில் கடைசி ரயிலைப் பிடிக்கக் கறுப்புக் காலணியோடு ஓடியிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வங்கி வழியாகக் கிடைக்கும் கல்விக் கட்டணக் கடனுக்குப் படித்து முடிக்கும்வரை வட்டியே கிடையாது. சிங்கப்பூரருக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறார்கள். 'கடன் இல்லை' என்று அப்பா நம்பிய சிபிஎஃப் பணத்துக்கோ, எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி. படிப்பு முடிந்ததும் எடுத்த பணத்தையும் வட்டியையும் நான்தான் திருப்பிக் கட்டினேன். வட்டி அப்பா கணக்குக்கே திரும்பியது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கடனுக்குப் பயந்து கடனே வாங்கியிருக்கிறோம். வட்டியில்லாத கடனைத் தவிர்க்க மூன்று வருடம் தட்டு தூக்கியிருக்கிறேன்.

வேலை பார்த்தால் பொறுப்பு வரும் என்று கல்யாண வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வரும், மறுக்கவில்லை. ஒரே கையில் மூன்று தட்டு தூக்க இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் போனது எது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு பேராசிரியர், விடுமுறையில் தன் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். சம்பளம் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, ஜூன் மாதம் முழுக்க விருந்துகளுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பாடம் இருக்கும் மாதங்களில் சம்பளம் 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போனால் என் பங்கு சிபிஎஃப் பிடிப்பார்கள், விடுமுறையில் பிடிப்பதில்லை. அதனால் விடுமுறைதான் எனக்கு அறுவடைக் காலம். அந்த இடம் என் தோழிக்குப் போனது. வீட்டில் இதை இன்றுவரை சொன்னதில்லை. இங்கே எழுதியதை அண்ணன் படிக்கட்டும்.

அமெரிக்கக் கடிதமாவது கேட்பதை எழுத்தில் கேட்கிறது. அதைக் குறைக்கச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம், இன்று இரவு உட்கார்ந்து எழுதப் போகிறோம். அப்பாவின் வரிக்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

அண்ணன் மகன் இங்கேயே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறான். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். அண்ணா, படிவத்தை எடுத்து வா, நான் போடுகிறேன்.