டியூன் பண்ணிய பிறகா எக்ஸ்ட்ராக்டர் ஞாபகம் வரும்?

காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "என்னண்ணே, எக்ஸ்ட்ராக்டர் போடாமலா டியூன் பண்ணீங்க?" என்று பட்டறைக்காரன் என்னையே கேட்டுச் சிரித்தானே, அதுதான் ரெண்டு நாளாக வயிற்றெரிச்சல். டியூன் பண்ணினதே நீதானடா! (எக்ஸ்ட்ராக்டர் என்றால் என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த்தொகுதி.)

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். என் காடி புரோட்டோன் சத்ரியா நியோ கார், 1.6 கேம்ப்ரோ என்ஜின். அந்த என்ஜினை ஓட்டியவர்களுக்குத் தெரியும், நிமிஷத்துக்கு 2,500 சுற்று தாண்டினால் இழுவையில் ஒரு தொங்கல் விழும். காராக் நெடுஞ்சாலை மேட்டில் முன்னால் லாரி போனால் கியரைக் குறைத்து மிதித்துவிட்டு, முள் 4,000 தொடும்வரை குலதெய்வத்தைக் கும்பிட வேண்டியதுதான். 148 நியூட்டன் மீட்டர் இழுவை அங்கேதான் முழுசாகக் கிடைக்கும். அந்தத் தொங்கலைச் சரிபண்ணத்தான் போனேன். என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவை ரீமேப் பண்ணி (அதாவது அதன் கணக்கை மாற்றி எழுதி), டைனோ என்ற சக்தி அளக்கும் மேடையில் ஏற்றி, 1,200 வெள்ளி வாங்கிக்கொண்டான். சரி, முன்னைக்கு இப்போது தேவலை என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து எண்ணெய் மாற்றப் போனால் புதுப் பாட்டு. "ஃபோர்-டூ-ஒன் (4-2-1) போட்டா நடுவுல நல்லா இழுக்கும்ணே." அதில் பொய்யில்லை. நாலு சிலிண்டர் குழாயும் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் எக்ஸ்ட்ராக்டர் அது. ஒரு சிலிண்டரின் புகை ஓடும் வேகம் அடுத்ததன் புகையையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நடுச்சுற்றில் அதன் பலன் தெரியும். நாலும் நேரே ஒன்றாகிற ரகம் பெரும்பாலும் மேல்சுற்றுக்குத்தான் லாயக்கு. இவ்வளவும் தெரிந்தவனுக்கு முதல் நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா?

புகை லேசாக வெளியேறினால் உள்ளே போகும் காற்றும் கூடும். என் காடியில் காற்றை நேராக அளக்கிற கருவி கிடையாது. மேப் சென்சார் சொல்லும் உறிஞ்சுகுழாய் அழுத்தத்தை வைத்து, டியூனர் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் ஈசியூ பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. குழாயை மாற்றினால் அந்த அட்டவணை பொய்க்கணக்கு. மெதுவாக ஓட்டும்போது புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எப்படியோ சமாளிக்கும். முழுசாக மிதித்தால் அதன் பேச்சை ஈசியூ கேட்காது. பெட்ரோல் பற்றாமல் என்ஜின் நாக் அடிக்க (உள்ளே நேரம் தப்பி வெடித்துத் தட்ட) ஆரம்பிக்கலாம். அதனால் மறுபடி டைனோ, மறுபடி 800 வெள்ளி. பழைய கஸ்டமர் விலையாம்!

எக்ஸ்ட்ராக்டரை மாட்டிய லட்சணத்தைக் கேளுங்கள். குழாயை என்ஜினோடு பிடித்துவைக்கும் துருப்பிடித்த ஸ்டட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் அடித்து ஊறவிட்டால்தான் என்ன? சூடு ஆறும் முன்பே ஸ்பேனரைப் போட்டுத் திருகி ஒன்றை உடைத்தார்கள். இடுக்கை அடைக்கும் கேஸ்கட் புதுசா என்று கேட்டதற்கு, "பழசே நல்லாத்தான் இருக்கு பொஸ்" என்றான் போர்மேன். நல்லவேளை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டையும் தூக்கிடலாம் என்றபோது மட்டும் முடியவே முடியாது என்றேன். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ரோட் பிளாக்கில் மாட்டினால் இவனா வந்து நிற்பான்?

மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினேன், டிக் டிக் டிக் என்று சத்தம். காடி சூடேறினதும் அடங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்றாவது குழாய் என்ஜின் தலையோடு சேரும் இடத்தில் கண்மை இழுகின மாதிரி கரிக்கோடு. அங்கேதான் லீக். புகை துடித்துத் துடித்துப் போவதால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே புகுந்துவிடும். பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைகிறது என்று சொல்ல, ஈசியூ அள்ளி ஊற்றுகிறது. இந்த ஓட்டையை வைத்துக்கொண்டுதான் 800 வெள்ளிக்கு டியூன் பண்ணியிருக்கிறார்கள்! ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது கேஸ்கட்டை மாற்றணும், உடைந்த ஸ்டட்டைத் துளை போட்டு எடுக்கணும், மூன்றாம் தடவை டைனோவில் ஏற்றணும். இதற்கும் நான்தான் கட்டணுமா என்று நேற்று வாட்சப்பில் கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இன்று மத்தியானம் ஒரு படம் அனுப்பியிருக்கிறான்.

"அண்ணே, கேம்ஷாஃப்ட் ஒன்னு நல்ல விலைக்கு வந்திருக்கு. வேணுமா?"