கெட்டி ஈயக் குண்டு வழவழப்பான குழலைக் கெடுக்குமா?

"குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் தூய ஈயக் குண்டுதான் போட வேண்டும், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம் குழலைத் தேய்த்துவிடும், வெடிக்கவும் வைக்கும்" என்ற எச்சரிக்கை பரவி வருகிறது. உட்புறம் வழவழப்பான குழலுக்கு இது பொருந்தாது.

இந்த அச்சம் குழலுக்குள் சுழல்வரி வெட்டிய ரைஃபிள் துப்பாக்கிகளிலிருந்து வந்தது. 1849-இல் உருவான மினியே குண்டின் குழிந்த அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து, குழலின் சுழல்வரிகளைப் பற்ற வேண்டும். கெட்டி ஈயம் அப்படி விரியாது. அங்கே தூய ஈயம் உண்மையிலேயே அவசியம். வழவழப்பான குழலில் பற்றுவதற்கு வரியே இல்லை. பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். இடைவெளியைக் காகிதமோ துணியோ நிரப்பும். குண்டு குழலை இறுக்கிப் பிடிப்பதே இல்லை.

தேய்மானக் கதையும் நிற்காது. பிரினெல் அளவில் தூய ஈயத்தின் கடினத்தன்மை சுமார் 5; அச்செழுத்து வார்க்கும் லைனோடைப் கலவைக்கே சுமார் 22தான். சாதாரண எஃகு 100-ஐத் தாண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும். கெட்டிக் கலவை ஆறும்போது குறைவாகச் சுருங்குவதால், அதே வார்ப்பு அச்சில் குண்டு சற்றே பெரிதாக வரும். அளந்து பார்க்காமல், பழைய தடிமனுள்ள துணியோடு அதைத் திணிக்கக் கூடாது. பாதி வழியில் சிக்கி, மருந்தின்மேல் அமராமல் நிற்கும் குண்டுதான் குழலை உப்பவோ வெடிக்கவோ வைக்கும். தூய ஈயமானாலும் அந்த ஆபத்து அதேதான்.