தொட்டியடியில் ஜல்லி போட்டால் வேர் அழுகாதா?

குட்டை ஊசியிலைச் செடிகளுக்குத் தொட்டியின் அடியில் 5 செ.மீ. ஜல்லியோ ஓட்டுச்சில்லோ போட்டால் வேர் அழுகாது என்று பரவும் குறிப்பு தவறு. தொட்டியில் நிரப்பும் மண்கலவையின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்திருக்கும். அதன் அடிப்பகுதி முழுக்க நனைந்து நிறைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆக, சகதிப் பகுதி 5 செ.மீ. மேலேறி வேரை நெருங்குகிறது. ஊசியிலை வகையான ஜூனிப்பர் இதைத் தாங்காது. வேர் அழுகி ஊசிகள் பழுப்பானதும், காய்கிறதென்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். செடியைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். இலையுதிர்ந்த பழைய கிளை மறுபடி துளிர்ப்பதும் அரிது.

துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். தொட்டி முழுக்க ஒரே கலவை: மரப்பட்டைச் சில்லு 2 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைப் பாறைக் குருணை) 1, மண் 1. தொட்டியைத் தரையிலிருந்து 2 செ.மீ. உயர்த்தி வையுங்கள். விரலை 3 செ.மீ. விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் நீர்.