சிலுவை குத்திய கையும் 'அல்லாஹ்' என்ற வாயும்

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் 'இன்த்த உம்ரி' பாட்டை ஒலிக்கவிட்டேன். ஒலிநாடாவில் கூட்டம் "அல்லாஹ்!" என்று கூவியதுமே பெரியவர் ஒருவர், "இங்கே எதற்கு மதப் பாட்டு?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

ஐயா, அது காதல் பாட்டு. 'நீயே என் ஆயுள்' என்று ஒரு பெண் உருகுகிறாள். 1964இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்தது. அந்த 'அல்லாஹ்', நம் சபாக்களில் போடும் 'பலே'. பாட்டில் கிறங்கிப்போவதை அரபியர் 'தரப்' என்பார்கள். மதப் பாட்டு அல்ல.

"கடவுள் பெயர்தானே?" என்பீர்கள். "அப்பா முருகா" என்று நாற்காலியில் சாய்கிறவர் திருப்புகழா பாடுகிறார்?

ஷார்ஜாவில் எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் எகிப்தியர். பத்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் சம்பளத்தை வெட்டுவார். உம் குல்தூம் மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் வானொலியில் பாடிய காலத்து ஆள். வியாழன்தோறும் வேனில் அந்தப் பாடகியின் குரல்தான். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். விரல்விட்டு எண்ணி, எண்ணிக்கையை விட்டேன். ஒருநாள் மேற்பார்வையாளர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டார். ஓட்ட முடியவில்லை. மெல்ல, "அல்லாஹ்" என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையில், மணிக்கட்டின் உட்புறம், பச்சை குத்திய சின்னச் சிலுவை. எகிப்தின் பழைய கிறிஸ்தவச் சபையான காப்டிக் சபைக்காரர்.

மதப் பாட்டாம்!

1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு இராக் அனுப்பிய குழுவில் பாடகர் முஸ்லிம்; வாத்தியக்காரர்கள் அநேகமாக எல்லோரும் யூதர்கள். லெபனானின் பாடகி ஃபைரூஸ் கிறிஸ்தவர். பெரிய வெள்ளிப் பாடல்களும் பாடியவர். மதம் பார்த்துப் பிரித்தால் அந்த இசையில் என்ன மிஞ்சும்?

"சில ஊர்களில் இசையையே தடுத்தார்களே" என்று ஒரு நண்பர் தொலைபேசியில் மடக்கினார். தடுத்தவனையும் பாடியவளையும் ஒரே தராசில் வைப்பது அவர் சௌகரியம். அரபு இசை கர்நாடக இசையைவிட உயர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை.

உங்களுக்கெல்லாம் ஷார்ஜா என்றால் பேரீச்சம்பழம், கோடாலித் தைலம். அந்தப் பெரியவர் வீட்டுக்கும் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான்தான் தைலம் கொண்டுவந்து கொடுத்தேன். வலிக்கு நல்லது என்று இரண்டு பாட்டிலாகக் கேட்டு வாங்குவார். பதினோரு வருடம் அங்கே என்ன கேட்டாய், என்ன பிடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வந்தேன். முன்னிசை முடிந்து உம் குல்தூம் பாடத் தொடங்கவே இல்லை, அதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள்.