வாசலில் நின்று கூப்பிடுவதும் பயிற்சிதான்

சிறை அலுவலர்களுக்கும், பரோலில் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு) வெளியே வந்தவர்களைக் கண்காணிக்கும் அலுவலர்களுக்கும் தரும் அடிப்படைப் பயிற்சியில் உடல்வலிமைக்கும் ஆயுதத்துக்கும்தான் முதலிடம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 2015-ல் ஐ.நா. ஏற்ற சிறை விதிகளுக்கு நம் மண்டேலாவின் பெயர்தானே வைத்தார்கள்? சிறை ஊழியருக்குப் பணியில் சேரும் முன்பே பயிற்சி வேண்டும் என்கின்றன அந்த விதிகள். முதலுதவியும், மனநலச் சிக்கலை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வதும் அந்தப் பாடத்தில் உண்டு.

அப்புறம், இங்கே தென்னாப்பிரிக்காவில் புரொபேஷன் (நன்னடத்தை) அலுவலர் சமூக மேம்பாட்டுத் துறையின் சமூகப் பணியாளர். பரோலில் வந்தவரைக் கண்காணிப்பது சீர்திருத்தப் பணித் துறை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் அக்கா மகன் பரோலில் வந்த புதிதில், பார்க்க வந்த அலுவலர் வாசலருகே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அவன் பெயரைக் கத்தினார். அக்கா பல வாரம் கோயில் பக்கமே போகவில்லை. காவடி நாளில்கூட வீட்டிலேயே இருந்தாள். அடுத்து வந்தவர் இளைஞர். உள்ளே வந்து உட்கார்ந்து, "அம்மா, பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா?" என்று விசாரித்தார். பழைய கூட்டாளிகள் மறுபடி தேடி வருவதை அவரிடம்தான் பையன் வாய்திறந்து சொன்னான். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. துப்பாக்கி பிடிக்கக் கற்றுத் தரும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள்.